கேஸ்னு சொல்லி வெச்ச வலி

எனக்கு வந்ததுக்குப் பேரு கணைய அழற்சிங்க. ஆஸ்பத்திரியில பாங்கிரியாடைட்டிஸ்னு சொல்றாங்க. எங்க பழனி பாதயாத்திரைக் குழுவுக்கு மூத்தவரு நாச்சிமுத்தண்ணன் இருக்காரே, அவரு இன்னும் அதை அல்சருன்னுதான் காதர்பேட்டை பூராவும் சொல்லிட்டுத் திரியறாரு. எதிர்ல வர்றவங்கெல்லாம் என்னை நிறுத்தி, "மணத்தக்காளிக் கீரை தின்னுங்க மாஸ்டர், அல்சர் பறந்துரும்"ங்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் நின்னு வெளக்கஞ் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அதான் ஒரேடியா எழுதிரலாம்னு உக்காந்துட்டேன். எனக்குத் துணி மேல சாக்பீஸ்ல கோடு போட்டுத்தான் பழக்கம். நோட்டுல எழுதிப் பழக்கமில்ல. முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

நானு கட்டிங் மாஸ்டருங்க. பனியன் துணியை அடுக்கடுக்கா விரிச்சு, மேல அளவு வரைஞ்சு, மிசின்ல வெட்டற வேலை. இருபத்திரண்டு வருசமா இதே பொழப்பு. என்ற சம்சாரம் பூங்கொடியும் அதே கம்பெனிதான், செக்கிங் செக்சன். தைச்சு வர்ற பீஸை டியூப்லைட்டுக்கு அடியில விரிச்சு, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாத்தையும் கண்டுபுடிச்சு, அந்த எடத்துல சின்னதா ஒரு செவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிட்டு, நல்ல பீஸை மட்டும் பாஸ் பண்றது அவ வேலை. அவ கண்ணுல தப்பிச்ச ஓட்டை கெடையாதுன்னு மேனேஜரே சொல்லுவாரு. எங்களுக்கு ஒரே பொண்ணு, காவ்யா. பன்னெண்டாவது படிக்குது.

குடியைப் பத்திப் பேசாம இதைச் சொல்ல முடியாது. சனிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை ராத்திரிக்குக் குடி. சிப்மெண்ட் முடிஞ்சு கண்டெய்னர் கெளம்பினா அன்னைக்கும் உண்டு. வரவர என்ற சனிக்கிழமை செவ்வாய்க்கிழமைக்கே வர ஆரம்பிச்சிருச்சு. ஆனாலும் நானு குடிகாரன் இல்லைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். குடிகாரன்னா ரோட்டோரம் உளுந்து கெடக்கறவன். நானு டூட்டிக்கு ஒரு நாள் லீவு போட்டதில்ல, சட்டை கசங்கினதில்ல. என்ன பெருமை பாருங்க!

ஆடி மாசத்துல மொதல் வலி வந்துச்சு. நெஞ்சுக்குழிக்குக் கீழ ஆரம்பிச்சு, குத்திக்கிட்டு நேரா முதுகுக்குப் போச்சு. முன்னால குனிஞ்சு உக்காந்தா சித்த தேவல, மல்லாந்து படுத்தா உசுரு போகுது. மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி முழுங்கிட்டு, சோடா குடிச்சுட்டு ஊட்டுக்குப் போனேன். "என்னுங்க மாமா, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது?"ன்னா பூங்கொடி. "கேஸ் புடிச்சிருக்குது புள்ள"ன்னுட்டேன். தீபாவளி போனசு வாங்கின வாரம் மறுபடியும் அதே வலி, அதே மாத்திரை, அதே கேஸ். மெடிக்கல்காரரே, "மாஸ்டர், ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்க"ன்னாரு. பாக்கலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வெளிய சிரிச்சாலும் உள்ள பயந்துட்டேனுங்க. அந்தப் பயத்துலதான் தைப்பூசத்துக்கு மாலை போட்டேன். எங்க குழுவுல ஆறு பேரு. ஒரு மண்டலம், அதாவது நாப்பத்தெட்டு நாள், கறி இல்ல, குடி இல்ல, பாய்லதான் படுக்கை. பொறவு பச்சை வேட்டி கட்டிட்டு அவிநாசிபாளையம், தாராபுரம் வழியா பழனிக்கு நடை. பூங்கொடிக்கு அப்படியொரு சந்தோசம். புருசனுக்கு பக்தி வந்துருச்சுன்னு நெனச்சா. எனக்கு வந்தது வலின்னு அவளுக்கு நானு சொல்லல.

இங்க ஒரு நம்பிக்கை இருக்குதுங்க. யாரு எழுதி வெச்சதோ தெரியாது, எங்காளுங்க அத்தனை பேரும் அதை நம்பறோம். ஒரு மண்டலம் சுத்தமா இருந்துட்டா ஒடம்பு புதுசாயிருமாம். ரத்தமே மாறிருமாம். குடல், ஈரல் எல்லாம் கழுவி உட்ட மாதிரி ஆயிருமாம். அதனால மாலை கழட்டினதும் ஒரு விருந்து நடக்கும். அன்னைக்குக் குடிக்கறது ஒடம்புல சேராதுன்னு நாச்சிமுத்தண்ணனே சத்தியம் பண்ணுவாரு. எனக்கும் அந்த நாப்பத்தெட்டு நாள்ல வலி எட்டிக்கூடப் பாக்கல. சரி, முருகன் தொடச்சு உட்டுட்டான்னு நெனச்சுட்டேன்.

பழனியில மாலையைக் கழட்டிட்டு வந்தோம். அடுத்த ஞாயித்துக்கிழமை அவிநாசிபாளையத்துல எங்காளு ஒருத்தரு தென்னந்தோப்புல விருந்து. காலையிலயே பூங்கொடி நாட்டுக்கோழி வறுத்து, தூக்குச்சட்டியில போட்டு, மேல வாழையெலை மூடிக் குடுத்தா. "நாப்பத்தெட்டு நாள் சுத்தமா இருந்தீங்கல்ல மாமா. ஒரு நாள்தானே, போயிட்டு வாங்க. பொழுதோட வந்துருங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே அனுப்பிச்சா. எவ்வளவு குடிச்சேன்னு கேக்காதீங்க. நாப்பத்தெட்டு நாளுக்கும் சேத்துக் குடிச்சேன்.

திங்கக்கிழமை பத்தரை மணி இருக்கும். துணி வெட்டிட்டு இருக்கறப்ப வந்துச்சு பாருங்க. மிசினை நிறுத்தினது மட்டும் ஞாபகமிருக்குது. அப்படியே துணி அடுக்கு மேல குப்புறச் சாஞ்சுட்டேன். வாந்தி, வேர்வை, மூச்சு இழுக்கறதுக்கே பயம். செக்கிங்ல இருந்து பூங்கொடி செருப்பில்லாம ஓடியாந்தா.

ஆஸ்பத்திரியில எமர்ஜென்சியில இருந்த சின்ன வயசு டாக்டரு கேட்ட மொதக் கேள்வியே, "குடிப்பீங்களா?"

எனக்கு முந்திக்கிட்டு பூங்கொடி சொன்னா. "நாப்பத்தெட்டு நாளா தொடலீங்க டாக்டர். மாலை போட்டிருந்தாருங்க. நேத்து ஒரு நாள்தானுங்க. நாந்தானுங்க போகச் சொன்னேன். என்ற கையாலதானுங்க கறி வறுத்துக் குடுத்தேன்."

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வலி வந்திருக்கா?"

அவ என்ற மொகத்தைப் பாத்தா. நானு இல்லைன்னு தலையாட்டினேன். அந்த வலியிலயும் பொய் சொல்றதுக்குத் தெம்பு இருந்துச்சு பாருங்க, அதை நெனச்சா இன்னைக்கும் என் மேலயே ஆத்திரமா வருது.

ரத்தம் எடுத்தாங்க. லைப்பேஸ்னு ஒண்ணு, கணையத்துல சுரக்கறதாம். கணையம் அடிபட்டா அது ரத்தத்துல ஏறும். எனக்கு ஏறுன ஏத்தத்தைப் பாத்து அந்தச் சின்ன டாக்டரு ரெண்டாந்தடவை எடுக்கச் சொன்னாரு. பித்தப்பைல கல்லு இருந்தாலும் இது வருமாம், ஸ்கேன்ல கல்லு ஒண்ணுமில்ல. அட்மிட் பண்ணி, ரெண்டு கையிலயும் ஊசி போட்டு, பாட்டில் பாட்டிலா ஏத்தினாங்க. வாயில தண்ணி கூட இல்ல. மொத நாள் எனக்கு பயமே இல்லீங்க. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம், சரியாயிரும்னு இருந்தேன். மூணாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. படியேறாமயே படியேறின மூச்சு. ஐசியூவுக்குத் தள்ளிட்டுப் போனாங்க. லிப்டுக்குள்ள பூங்கொடி என்ற கால் கட்டைவெரலைப் புடிச்சுட்டு வந்தா. வேற எதையும் புடிக்க எடமில்ல, எல்லாத்துலயும் ஒயரு.

அங்க கொண்டு போன பொறவுதான் குடல் டாக்டரம்மாவை மொத மொதலாப் பாத்தேன். நடுவயசு, நேராப் பேசறவங்க. நாலாம் நாள் கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"கணையம் இரைப்பைக்குப் பின்னால இருக்கு. சாப்பாட்டைக் கரைக்கற சாறை அதுதான் செய்யுது. அந்தச் சாறு குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்கணும். குடி அதைக் கணையத்துக்குள்ளேயே முழிக்க வெச்சிருது. அப்ப அது கணையத்தையே கரைக்க ஆரம்பிக்கும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்கு."

"அப்பறம் மூச்சு எதுக்குங்க வாங்குது?"

"அது உங்க எதிர்ப்பு சக்தி பண்ற வேலை. கணையத்துல சாகற செல் சும்மா சாகாது, இங்க ஆபத்துன்னு ரசாயனமா ஒரு தகவல் விட்டுட்டுத்தான் சாகும். அதுக்கு ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள் ஓடி வரும். குப்பையைக் கூட்டத்தான் வருது. ஆனா வந்தது ஒவ்வொண்ணும் இன்னும் பத்தைக் கூப்பிடும். அதுங்க விடற ரசாயனம் ரத்தக் குழாயை இளக வெச்சிரும், தண்ணி கசிஞ்சு நுரையீரல் வரைக்கும் போயிரும். குடியால குடல் சுவரும் பலவீனமா இருக்கும். அது வழியாக் கிருமித் துணுக்கு கசிஞ்சா அணுக்கள் இன்னும் உஷாராகும்."

"அப்ப எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மியில்லீங்களா?"

"கம்மியில்ல. இப்போதைக்கு அளவுக்கு மீறி வேலை செய்யுது. அதுதான் பிரச்சினையே."

எனக்கு அது புரிஞ்சுதுங்க. எங்க கம்பெனியில தையல் மிசின்ல ஊசி ஒடைஞ்சா, ஒடைஞ்ச துண்டு அத்தனையும் கெடைச்சே ஆகோணும். ஒரு முனை காணலைன்னா லைனையே நிறுத்திருவாங்க. சூப்பர்வைசரு, மெக்கானிக்கு எல்லாரும் ஓடியாந்து, பண்டலைப் பிரிச்சு, தைச்சதைக் கிழிச்சு, தேடு தேடுன்னு தேடுவாங்க. ஊசி முனையை விட தேடினவங்க பண்ணின நாசம் எச்சா இருக்கும். யாரையும் குத்தஞ் சொல்லவும் முடியாது, அவங்க வேலை அது. என்ற வயித்துக்குள்ள அதுதான் நடந்துக்கிட்டு இருந்துச்சு.

அன்னைக்குப் பாத்து நாச்சிமுத்தண்ணன் ஒரு பிளாஸ்க்கோட வந்துட்டாரு. எதிர்ப்பு சக்தி ஏத்தற கசாயமாம். ஐசியூ சிஸ்டர் செல்வி தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு. கதவுலயே மறிச்சுட்டா.

"அண்ணாச்சி, அவருக்கு உள்ள இருக்குற படையே அவரைப் போட்டு அடிச்சிக்கிட்டு இருக்கு. நீங்க அந்தப் படைக்கு டானிக் கொண்டாந்திருக்கீங்களாக்கும்? பேசாம எடுத்துட்டுப் போயிருங்க."

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ள எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா வலிக்கும், அதனால அதையும் நிறுத்திக்கிட்டேன். பிளாஸ்க்கை அனுப்பிச்சுட்டு செல்வி என்ற பக்கத்துல வந்து ட்யூபைச் சரி பண்ணிக்கிட்டே மெதுவாச் சொன்னா.

"அண்ணே, உங்க வீட்டம்மா வெளிய சாப்பிடாம உக்காந்திருக்காவ. நான்தான் கொன்னுட்டேன், என் கையாலயே கறி வறுத்துக் குடுத்து அனுப்பிட்டேன்னு அதையே சொல்லிட்டு அழுதாவ. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்காவ. நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்கண்ணே."

அதுல இருந்து எனக்கு சாவு பயம் வேற மாதிரி ஆயிருச்சுங்க. செத்தா செத்துட்டுப் போறேன். ஆனா ஆடியில வந்ததையும் தீபாவளிக்கு வந்ததையும் சொல்லாமச் செத்துட்டா, அந்தக் கோழி வறுவலை பூங்கொடி ஆயுசு பூராவும் சுமப்பா. போகச் சொன்னது நானு, போகச் சொன்னது நானுன்னு சொல்லியே கெழவியாயிருவா. என்ற பொய்க்கு அவ தண்டனை அனுபவிப்பா. இந்த நெனப்பு வந்த பொறவு மானிட்டர் 'பீப்'னு கத்தறப்பெல்லாம் எனக்கு ஒண்ணுதான் தோணும். சொல்லிரோணும், இன்னைக்கே சொல்லிரோணும்.

பார்க்க உடறது அஞ்சு நிமிசம். அவ உள்ள வந்ததும் நானு மாஸ்க்கை எறக்கப் பாப்பேன். "பேசாதீங்க மாமா, மூச்சு வாங்குது"ன்னு திரும்ப மாட்டி உட்டுருவா. மூக்கு வழியா ஒரு ட்யூபைக் குடல் வரைக்கும் எறக்கி அதுல பால் மாதிரி ஒரு ஆகாரம் உட்டாங்க. பட்டினி கெடந்தா குடல் சுவரு இன்னும் இத்துப் போகும், அதுக்கு வேலை குடுக்கோணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அந்த ட்யூபோட பேசினா எனக்கே என்ற கொரல் புரியாது. கையால காத்துல எழுதிக் காட்டினேன். அவ அதைத் தண்ணி கேக்கறேன்னு நெனச்சு அழுதுட்டு வெளிய போயிட்டா.

ஆறாம் நாள் மூச்சு சித்த தேவலையானப்ப, மாஸ்க்கை எறக்கி டாக்டரம்மாகிட்ட மொதல்ல சொன்னேன். அவங்க பேனாவை மூடி வெச்சாங்க.

"ரெண்டு தடவை ஏற்கனவே வந்திருக்கு. இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"அவ இருந்தாளுங்க."

அவங்க திட்டல. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும். "நாப்பத்தெட்டு நாள் நிறுத்தினது நல்ல விஷயம்தான். ஆனா வருஷக் கணக்கா குடிச்சதுல கணையத்துல காயம் இருக்கு. காயம் இருக்கற இடத்துல காவல் அணுக்கள் முகாம் போட்டு உக்காந்திருக்கும். தழும்பு போடற செல்லும் முழிச்சிருக்கும். வலி இல்லைங்கறதால அதெல்லாம் கலைஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல. நீங்க அது மேல ஒரே நாள்ல அவ்வளவையும் கொட்டியிருக்கீங்க."

"மத்த அஞ்சு பேரும் குடிச்சாங்களே. அவங்களுக்கு ஒண்ணுமில்லையே."

"எல்லாருக்கும் வர்றதில்ல. பிறவி வாகு இருக்கு, உங்களுக்கு சிகரெட் பழக்கமும் இருக்கு. முழுசா எங்களுக்கே தெரியாது." கெளம்பறப்ப திரும்பி நின்னாங்க. "உங்க மனைவி கோழிக்கறியால வந்ததுன்னு நினைச்சிட்டிருக்காங்க. நான் சொல்றதை விட நீங்க சொன்னாத்தான் சரி."

எட்டாம் நாள் மூச்சு சீராகி வார்டுக்கு வந்துட்டேன். காவ்யா பள்ளிக்கூடம் விட்டு நேரா வந்துரும். சிஆர்பின்னு ஒரு டெஸ்டு, ஒடம்புல அழற்சி எவ்வளவு எரியுதுன்னு சொல்றது. தெனமும் அந்த நம்பரை பிசிக்ஸ் நோட்டு கடைசிப் பக்கத்துல எழுதும். "அப்பா, இன்னைக்கு எறங்கியிருக்குதுப்பா"ன்னு சொல்றப்ப அதுக்குப் பரீட்சை பாஸான மாதிரி மொகம். பூங்கொடி கம்பெனியில இருந்து நல்ல மெத்துனு பனியன் துணி வெட்டிக் கொண்டாந்து, வெந்நீர்ல நனைச்சு என்ற முதுகைத் தொடச்சு உடுவா. பக்கத்துக் கட்டில்காரங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு குடுத்தா. ஆஸ்பத்திரி பில்லைப் பத்தி எழுதினா எனக்கு மறுபடி வலி வந்துரும், அதை உட்டுருங்க.

இப்பச் சொல்ல வாயிருந்துச்சு, நேரமும் இருந்துச்சு. ஆனா தைரியம் போயிருச்சுங்க. சாகப் போறப்ப சொல்லத் துடிச்சவன், பொழைச்சதும் திட்டு வாங்கோணுமேன்னு பம்மறான். மனுசப் புத்தி! நாளைக்குச் சொல்லலாம், டிஸ்சார்ஜ் ஆகிச் சொல்லலாம்னு தள்ளிட்டே போனேன். அவ அப்பவும் சரியாச் சாப்பிடல. கறி வாசம் வந்தா கேன்டீன்ல இருந்து எந்திரிச்சு வந்துருவாளாம், காவ்யா சொல்லுச்சு.

பதினோராம் நாள் மத்தியானம் குளுரு வந்துச்சு. பல்லு கிட்டிக்கிச்சு. ரெண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடுது. காய்ச்சல் நூத்தி மூணு. டாக்டரம்மா மொகத்துல சிரிப்பில்ல.

"மொத வாரம் உங்க படை அளவுக்கு மீறிச் சண்டை போட்டுது. ரெண்டாவது வாரம் அது களைச்சுப் போயிரும். அந்த நேரம் பார்த்துக் கிருமி உள்ள வந்துரலாம். கணையத்துல செத்த பகுதி கொஞ்சம் இருக்கு. அதுல கிருமி புகுந்திருந்தா பெரிய சிக்கல். காலையில சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துருவோம். தேவைப்பட்டா ட்யூப் வெச்சு வடிக்கணும்."

அவங்க போன பொறவு நாங்க ரெண்டு பேரும் மட்டும் இருந்தோம். ஜன்னலுக்கு வெளிய பொழுது எறங்கிட்டு இருந்துச்சு.

"பூங்கொடி, கோழி வறுவலால இது வரல புள்ள."

"சும்மா படுங்க மாமா."

"கேளு. நீ போகச் சொன்னதால வரல. ஆடியிலயே இந்த வலி வந்துச்சு. தீபாவளிக்கும் வந்துச்சு. கேஸுன்னு சொன்னேன்ல, கேஸ் இல்ல அது. மாத்திரை முழுங்கி மறைச்சுட்டேன். மாலை போட்டது கூட பக்தியில இல்ல, பயத்துல. டாக்டரு கேட்டப்பவும் பொய் சொன்னேன். எனக்கு நாளைக்கு எதாவது ஆச்சுன்னா நீ அதைச் சுமக்காத. தப்பு பூராவும் என்றது."

அவ அழுவா, இல்ல அடிப்பான்னு எதிர்பாத்தேன். அவ போர்வை ஓரத்தை மடிச்சு மடிச்சு உட்டுக்கிட்டு இருந்தா. குனிஞ்சபடியே, "தெரியுமுங்க மாமா"ன்னா.

நானு எந்திரிச்சு உக்காரப் பாத்தேன்.

"தொவைக்கறப்ப பேண்ட் ஜோப்புல மாத்திரை அட்டை இருந்துச்சு. ஆடியில ஒண்ணு, தீபாவளிக்கு ரெண்டு. கேஸுக்கு எவனாவது வலி மாத்திரை போடுவானா? எனக்குத் தெரியாதா? கேக்கோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா அது நெசமாயிருமேன்னு பயம். அப்பறம் நீங்க மாலை போட்டீங்க. சரி, சாமி பாத்துக்குவாருன்னு உட்டுட்டேன்." அவ மொகத்தைத் திருப்பிக்கிட்டா. "ஊருல எவன் தைச்ச பீஸுலயோ இருக்கற சின்ன ஓட்டையைக் கண்டுபுடிச்சு ஒதுக்கறவ நானு. என்ற ஊட்டுல இவ்வளவு பெரிய ஓட்டை கண்ணுல பட்டுச்சு. பாஸ் பண்ணிட்டேனுங்க மாமா. அதுக்குத்தான் அழுதேன். கோழிக்கு அழுதேன்னா நெனச்சீங்க?"

இருபது வருசக் குடித்தனத்துல நாங்க ரெண்டு பேரும் சேந்து அழுதது அன்னைக்குத்தான். பக்கத்துக் கட்டில்காரரு என்னமோ சேதி வந்துருச்சுன்னு பயந்து சிஸ்டரைக் கூப்பிட்டுட்டாரு.

காலையில சிடி ஸ்கேன். மருந்தை ஏத்தினதும் ஒடம்பெல்லாம் சூடாச்சு. அந்த மிசினுக்குள்ள போயிட்டு வர்றது அஞ்சு நிமிசம், ரிசல்ட்டுக்குக் காத்திருந்தது மூணு மணி நேரம். பூங்கொடி ஸ்ட்ரெச்சர் கம்பியைப் புடிச்சு நின்னுட்டே இருந்தா. உக்காருன்னா உக்காரல. பன்னெண்டு மணிக்கு டாக்டரம்மா படத்தோட வந்தாங்க. கணையத்தைச் சுத்தி நீர் கோத்திருக்குதாம், ஆனா கிருமி புகுந்ததுக்கு அடையாளமா வர்ற காத்துக் குமிழி ஒண்ணுமில்லையாம். ரத்தத்தைக் கல்ச்சர் பண்ணிப் பாத்ததுல, ஐசியூவுல கழுத்துல போட்ட ஊசிக்குழாய் வழியா வந்த காய்ச்சல்னு ரெண்டு நாள்ல தெரிஞ்சுது. அந்தக் குழாயை எடுத்து, அந்தக் கிருமிக்குன்னு மருந்து ஏத்தினாங்க. மூணாம் நாள் காய்ச்சல் எறங்குச்சு. அன்னைக்கு பூங்கொடி கேன்டீன்ல ரெண்டு தோசை சாப்பிட்டா. காவ்யா அதையும் நோட்டுல எழுதி வெச்சிருக்குது.

பத்தொம்பதாம் நாள் ஊட்டுக்கு வந்தேன். இப்ப எட்டு மாசம் ஆச்சு. நீர் வத்திட்டு வருது. எண்ணெய் கம்மி, கொஞ்சங் கொஞ்சமாச் சாப்பாடு, சாப்பாட்டோட செரிமான மாத்திரை. சிகரெட் போச்சு. குடி போச்சுன்னு சொன்னா நம்பறவங்க நம்புங்க, தெனமும் அந்த நாளை மட்டும் ஓட்டிட்டு இருக்கேன். கவுன்சிலிங்குக்கும் போறேன். டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டரம்மா சொன்னது மறக்கல. "உங்க கணையத்துல இருக்கற காவலுக்கு இப்ப வழி தெரியும். அடுத்த தடவை இதை விட வேகமா ஓடி வரும்." குழுவுல இந்த வருசமும் மாலை போடறதுக்குக் கூப்பிட வந்தாங்க. "போடறேனுங்கண்ணா. விருந்துக்கு வர மாட்டேன். நீங்களும் போகாதீங்க, நானு பத்தொம்பது நாள் படுத்துட்டு வந்து சொல்றேன்"னேன். நாச்சிமுத்தண்ணன், "அல்சர்காரன் அப்படித்தான் சொல்லுவான்"னு சிரிச்சாரு. அடுத்த நாள் காலையில தனியா வந்து, ஆஸ்பத்திரியில எந்த டெஸ்டு எடுக்கோணும்னு மெதுவாக் கேட்டுட்டுப் போனாரு.

எங்களுக்குள்ள ஒரே ஒப்பந்தம்தான். வலின்னா சொல்லோணும். அட்டை கெடைச்சா கேக்கோணும்.

போன வாரம் வந்துச்சுங்க. காலையில, அதே கட்டிங் டேபிள்ல. நெஞ்சுக்குழிக்குக் கீழ ஒரு குத்து. கை தானா பேண்ட் ஜோப்புக்குப் போச்சு. அங்க மாத்திரை இல்ல, அவ எப்பவோ எடுத்துப் போட்டுட்டா. ஆனாலும் கை போச்சு பாருங்க. மிசினை நிறுத்திட்டு நேரா செக்கிங் செக்சனுக்கு நடந்தேன். முப்பது பொம்பளைங்க நிமிந்து பாக்கறாங்க.

"புள்ள, வலிக்குது."

அவ உடனே கையில இருந்த பீஸை வெச்சுட்டு எந்திரிச்சா.

ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துட்டு, ஒரு மணி நேரமாகும்னு சொல்லி நாற்காலியில உக்கார வெச்சுட்டாங்க. அதே நாற்காலி வரிசை. எனக்கு அந்த லிப்டு, ஒயரு, ஸ்டூலை இழுத்துப் போடற சத்தம் எல்லாம் கண்ணு முன்னால வருது. வேர்த்து ஊத்துது. பூங்கொடி பதட்டத்துல என்ன பண்றதுன்னு தெரியாம ஏப்ரன் ஜோப்புல கையை உட்டா. கம்பெனி ஏப்ரனைக் கூடக் கழட்டாம வந்திருக்கறா. உள்ள இருந்த ஸ்டிக்கர் சுருள்ல ஒண்ணை உரிச்சு, என்ற சட்டையில, சரியா அந்த வலிக்கற எடத்துல ஒட்டி, கட்டைவெரலால அழுத்தினா. செவப்பு அம்புக்குறி. "இந்தத் தடவை பாஸ் கெடையாது"ன்னா.

சின்ன டாக்டரு பேப்பரோட வந்தாரு. லைப்பேஸ் நார்மல், ஸ்கேன்லயும் புதுசா ஒண்ணுமில்ல. காலையில என்ன சாப்பிட்டீங்கன்னாரு. டீக்கடையில ரெண்டு பருப்பு வடைன்னு ஒத்துக்கிட்டேன். அவரு சிரிச்சுட்டாரு.

"கேஸ்தாங்க."

பூங்கொடி என்னைப் பாத்தா, நானு அவளைப் பாத்தேன். பொறவு அவ சிரிக்க ஆரம்பிச்சா. வாயைப் பொத்திக்கிட்டு, நாற்காலியில சாஞ்சு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. வெளிய வந்து பஸ் ஏறினோம். கண்டக்டரு என்ற சட்டையைப் பாத்து, "அண்ணா, ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது, எடுத்துருங்க"ன்னாரு.

"இருக்கட்டுமுங்க"ன்னா பூங்கொடி. நானும் எடுக்கல. அதோடவே ஊட்டுக்கு வந்தோம்.